நெற்றியில் பிரம்பின் தடம்

எங்கள் வீட்டில் ஜெபம் முடிந்து எழுந்தால் எல்லோருடைய நெற்றியிலும் பிரம்பு நாற்காலியின் பின்னல் பதிந்திருக்கும். மயிலாப்பூரில், குளத்திலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு சந்துக்குள் இருந்த வாடகை வீடு அது. கூடத்தில் நான்கு பிரம்பு நாற்காலிகள். மாலையில் பாட்டும் வேத வாசிப்பும் முடிந்ததும், உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தபடி திரும்பி முழங்காலிட்டு, அதன் இருக்கையிலேயே முகத்தைக் கவிழ்த்துக்கொள்வோம். அப்பா ஜெபிப்பார். ஜெபம் நீளமாக இருக்கும். பின்னலின் துளைகள் வழியாக நான் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். போன வாரம் விழுந்த பிஸ்கட் துண்டை எறும்புகள் சுவரோரம் வரை இழுத்துப் போவதை முழுசாகப் பார்த்த நாட்கள் உண்டு. 'ஆமென்' சொல்லி எழுந்தால் நெற்றியில் சின்னச் சின்னக் கட்டங்கள் சிவந்து தெரியும். எங்கள் பேட்டையில் வெறும் நெற்றியோடு யாரும் நடமாடியதாக எனக்கு நினைவில்லை. விபூதிப் பட்டை, திருமண், குங்குமம், தொழுது தொழுது தழும்பேறிய தையற்கடை பாயின் நெற்றி என்று ஆளுக்கொன்று இருந்தது. எங்களுக்கு இந்தப் பிரம்புக் கட்டம். கால் மணி நேரத்தில் மறைந்துவிடும் என்றாலும், டியூஷனுக்குப் போகுமுன் எச்சில் தொட்டு அதைத் தேய்த்துவிட்டுத்தான் போவேன்.

அப்பா அரசு அலுவலகத்தில் பிரிவு அலுவலராக இருந்தார். கோப்புகளில் குறிப்பெழுதியே பழகிய கை. அவருடைய ஜெபமும் அப்படித்தான் அமைந்திருக்கும். முதலில் நன்றி, பிறகு நாட்டுக்காக, சபைக்காக, நோயாளிகளுக்காக, கடைசியில் குடும்பத்துக்காக. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது 'மேலும் ஆண்டவரே' என்பார். 'ஆகையால் தேவரீர்' என்று முடிப்பார். சபையில் அவருக்கு நல்ல பெயர். புதுவீடு புகுந்தாலும், ஸ்கூட்டர் வாங்கினாலும், பிள்ளை வெளிநாடு போனாலும், "சார், ஒரு வார்த்தை ஜெபம் பண்ணிட்டுப் போங்க" என்று கூப்பிடுவார்கள். அவருடைய ஒரு வார்த்தை முடிவதற்குள் கேசரி ஆறிப்போயிருக்கும். அப்பாவுக்கு அதில் கூச்சமே கிடையாது. "ஜெபம்னா வாயத் தொறந்து சொல்லணும். உன் காதுக்கே கேக்கலன்னா, நீ என்ன கேட்டேன்னு உனக்கே தெரியாது" என்பார். அவருடைய ஜெபம் முடிந்தபின், 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' என்று தொடங்கும், எங்கள் ஆண்டவர் கற்றுக்கொடுத்த அந்தச் சின்ன ஜெபத்தை மூவரும் சேர்ந்து சொல்வோம். அது ஜெபத்தின் முடிவுக்கு அடையாளம். அதைச் சொல்லும்போதே அம்மா எழுந்திருக்க ஒரு கையை ஊன்றிவிடுவாள்.

இதில் எனக்கு ஒரு சிக்கல் இருந்தது. அப்பா வீட்டில் அதிகம் பேசமாட்டார். எங்களிடம் சொல்லவேண்டியதை எல்லாம் ஜெபத்தில்தான் சொல்வார். "ஆண்டவரே, பரீட்சைக்கு முந்தின நாளும் டி.வி. பார்த்துக்கொண்டிருக்கிற எங்கள் மகளுக்குப் பொறுப்பைத் தாரும்" என்பார். "டாக்டர் சொல்லியும் குழம்பில் உப்பைக் குறைக்க மறந்துவிடுகிற எங்கள் வீட்டம்மாளுக்கு ஞாபகசக்தியைக் கட்டளையிடும்" என்பார். பக்கத்து நாற்காலியில் முகம் புதைத்திருக்கும் அம்மா, பக்தியாக 'ஆமென்' சொல்வாள். மறுநாள் குழம்பில் உப்பு இன்னும் ஒரு கல் கூடுதலாக இருக்கும். முழங்காலில் இருக்கும்போது திட்டு வாங்கினால் பதில் சொல்ல முடியாது என்பதுதான் இதில் பெரிய அநியாயம். கண்ணை மூடிக்கொண்டிருப்பவரிடம் முறைத்துப் பார்த்தும் பயனில்லை.

ஒரு முறை கணக்கில் நாற்பத்திரண்டு வாங்கினேன். எதிர்வீட்டு மாமியிடம்தான் கணக்கு டியூஷன். அவரிடம் ஐம்பத்திரண்டு என்று சொல்லி வைத்திருந்தேன். அன்று மாலை நெற்றியைத் தேய்த்துக்கொண்டு போய் உட்கார்ந்ததும் மாமி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நாப்பத்திரண்டாமே? உங்கப்பா பகவான்ட்ட சொல்லிண்டிருந்தாரே. ஜன்னல் தெறந்திருந்தது, நன்னா காதுல விழுந்தது." எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாமி சிரிக்கவில்லை. "பகவான்ட்ட சொன்னதை நான் யார்ட்டயும் சொல்லமாட்டேன். நோட்டை எடு" என்றார். அவர் சொன்ன சொல் தவறவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு படுக்கையில் எனக்குள் ஒரு கேள்வி முளைத்துவிட்டது. அப்பா பேசியது எனக்குக் கேட்டது. அம்மாவுக்குக் கேட்டது. சந்துக்கு அந்தப் பக்கம் மாமிக்கும் கேட்டது. யாரை விளித்து அவ்வளவும் சொன்னாரோ, அவருக்குக் கேட்டதா என்பதற்கு மட்டும் ஒரு தடயமும் இல்லை.

சிறுபிள்ளைத்தனமான கேள்விதான். ஆனால் வயது ஏற ஏற அது சிறுபிள்ளைத்தனம் குறைந்து வளர்ந்தது. சபையில் ஒவ்வொருவரும் ஜெபிக்கும்போது கவனிக்கத் தொடங்கினேன். ஒருவர் ஆயருக்குக் கேட்க ஜெபித்தார். ஒருவர் சபைத் தேர்தலில் எதிரணியில் நின்றவருக்குக் கேட்க ஜெபித்தார். வாலிபர் கூட்டத்தில் என்னை ஜெபிக்கச் சொன்னால் நானும் நன்றாகவே ஜெபிப்பேன். அப்பாவின் மகள் ஆயிற்றே. முடித்தபின் யாராவது "அருமையா பண்ணினே" என்பார்கள். அந்தப் பாராட்டு கிடைக்கும்போது உள்ளுக்குள் ஒரு சில்லிப்பு. தனியாக இருக்கும்போது கண்ணை மூடினால் ஒன்றும் வராது. அறையில் கேட்பதற்கு ஆள் இல்லையென்றால் என் ஜெபத்துக்கும் வேலை இல்லை என்று தெரிந்துபோயிற்று. கடவுள் இல்லை என்று நான் ஒருபோதும் நினைக்கவில்லை. அவர் இருந்தார், நாங்கள்தான் அவரைச் சாக்காக வைத்து எங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தேன்.

பிறகு என் கல்யாணம் வந்தது. நான் தேர்ந்தெடுத்தவர் எங்கள் மதம் இல்லை. ஈக்காட்டுத்தாங்கலில் என் அலுவலகத்துக்குப் பக்கத்து அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அம்மாவிடம் சொன்னேன், அம்மா அப்பாவிடம் சொன்னாள். அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று மாலை ஜெபத்தில், நன்றியும் நாடும் சபையும் முடிந்து குடும்பத்துக்கு வந்தபோது, வழக்கம்போல் தொண்டையைக் கனைத்தார். என் பெயர் வருமுன் எப்போதும் ஒரு கனைப்பு வரும். "ஆண்டவரே, வழி தப்பிப் போகிற எங்கள் மகளின் இருதயத்தைத் திருப்பியருளும்" என்றார். நான் எழுந்துவிட்டேன். ஜெபத்தின் நடுவில் எங்கள் வீட்டில் யாரும் எழுந்ததில்லை. நெற்றியில் தடத்தோடு வாசலில் போய் நின்றேன். உள்ளே குரல் தொடர்ந்துகொண்டிருந்தது. என்னிடம் கேட்கவேண்டியதை ஏன் அவரிடம் சொல்கிறீர்கள் என்று கத்தவேண்டும் போலிருந்தது, கத்தவில்லை. அன்று எழுந்தது தவறென்று இன்றும் நான் நினைக்கவில்லை. பதிவுத் திருமணத்துக்கு அப்பா வந்தார், ஓரமாக நின்றார், சாப்பிடாமல் போனார். போகப் போகச் சரியாயிற்று. பண்டிகைக்குப் போனோம், வந்தார்கள், என் கணவரோடு அப்பா கிரிக்கெட் பேசினார். ஆனால் ஜெப நேரத்துக்கு முன்பே நான் கிளம்பிவிடுவேன். "டிராபிக் ஆயிடும்ப்பா" என்பேன். அவரும் "ஆமா, ஆயிடும்" என்பார்.

ஓய்வு பெற்றபின் அப்பாவும் அம்மாவும் திருவான்மியூரில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அடுக்குமாடி வீட்டுக்கு வந்தார்கள். நாங்கள் கொட்டிவாக்கத்தில், பக்கம்தான். நான்கு பிரம்பு நாற்காலிகளில் கைப்பிடி வைத்த ஒன்று மட்டும் அவர்களோடு வந்தது, அது அப்பாவுடையது. ஒரு நாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் வாஷ்பேசின் ஓரமாகச் சாய்ந்தார். மூளையில் ரத்தக்கட்டு. உயிர் பிழைத்தது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. பேச்சு முழுதாகப் போயிருந்தால் கூட ஒரு கணக்கில் தேவலை. ஒரே ஒரு சொல் மட்டும் மிச்சமிருந்தது. எதைச் சொல்ல வாயைத் திறந்தாலும் 'அதான்' என்று வந்தது. தண்ணீர் வேண்டுமானாலும் அதான். ஃபேனைக் குறைக்கவும் அதான். புரிந்துகொள்வதில் குறையில்லை, எல்லாம் உள்ளே இருக்கிறது, வெளியே வருகிற கதவில்தான் கோளாறு என்று டாக்டர் சொன்னார். அது அப்பாவுக்கும் தெரிந்திருந்தது. தான் சொன்னது தவறான சொல் என்பது காதில் விழுந்ததும், அவர் முகம் சுருங்கும். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

ஆயர் வந்தார். சபையார் வந்தார்கள். அப்பா எத்தனையோ வீட்டுக் கட்டில்களைச் சுற்றி நின்று ஜெபித்தது போல, அவருடைய கட்டிலைச் சுற்றி நின்று ஜெபித்தார்கள். எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் கண் கலங்கினார்கள். அப்பா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதலில் அது சோர்வு என்று நினைத்தோம். மாலையில் அம்மா வேதத்தை எடுத்துக்கொண்டு அருகில் உட்கார்ந்தாலும் அதேபோல் திரும்பிக்கொள்வார். அம்மா வாசித்துவிட்டு மூடி வைப்பாள். வாழ்நாள் முழுக்க ஒரு மாலை விடாமல் ஜெபித்த மனிதர், வாய் போனதோடு அதுவும் போயிற்று என்று முடிவு கட்டிவிட்டார். உன் காதுக்கே கேட்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அல்லவா? இப்போது அவர் காதுக்குக் கேட்பது வெறும் அதான். அவர் சாப்பிட மறுத்தது, பயிற்சிக்கு ஒத்துழைக்காதது எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கிற்று. உடம்பு தேறவேண்டுமானால் மனது இருக்கவேண்டும், மனதை அவர் மடித்து வைத்துவிட்டார் என்பது எங்களுக்குப் பயமாக இருந்தது.

பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண் ஒரு யோசனை சொன்னார். சின்ன வயதிலிருந்து மனப்பாடமாக இருப்பவை சிலருக்குத் தடையில்லாமல் வருமாம். பாட்டு, கிழமைகளின் பெயர், ஜெபம். அந்த ஞாயிற்றுக்கிழமை சபையார் சிலர் இருக்கும்போது அம்மா அந்தச் சின்ன ஜெபத்தின் முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தாள். அப்பாவின் வாயிலிருந்து மீதி முழுவதும் அப்படியே வந்தது, குழாயைத் திறந்துவிட்டது போல. எல்லோரும் அழுதுவிட்டார்கள். யாரோ ஸ்தோத்திரம் என்று சத்தமாகச் சொன்னார். அப்பா எல்லோரையும் பார்த்தார். பிறகு இடது கையால் கட்டிலின் சட்டத்தை ஓங்கி அடித்தார். "அதான்! அதான்!" என்று கோபமாகக் கத்தினார். வந்தவர்களுக்குப் புரியவில்லை. அம்மாவுக்கும் எனக்கும் புரிந்தது. எங்கள் வீட்டில் அது முடிவில் சொல்வது. ஆரம்பமும் நடுவும் இல்லாமல் முடிவை மட்டும் அவர் வாயில் வைத்துவிட்டு எல்லோரும் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அவருக்குச் சொல்ல இருந்தவை எல்லாம் உள்ளேயே கிடந்தன.

அன்று எல்லோரும் போனபின் அப்பா என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். பிறகு மூலையில் இருந்த பிரம்பு நாற்காலியைக் காட்டினார். எனக்குப் பதில் நீ செய் என்கிறார் என்பதில் சந்தேகமே இல்லை. நான் கேட்காதது போல் சமையலறைக்குப் போனேன். பின்னாலேயே அம்மா வந்தாள். "பண்ணேன். உனக்குத்தான் நல்லா வருமே" என்றாள். "நீ பண்ணும்மா" என்றேன். "எனக்கு வாயத் தொறந்து ஜெபம் வராதுன்னு உனக்குத் தெரியாதா? ரசம் கொதிக்கறப்போ நான் என் பாட்டுக்குப் பண்ணிப்பேன். அவருக்குச் சத்தம் வேணும்." நான் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். எனக்கு வார்த்தைகள் வரும், அதுதான் பயம். அவர் மனது குளிர நான் அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் அது அப்பாவுக்குச் சொல்வதாகத்தான் இருக்கும். சாகக் கிடக்கிறவரின் பக்கத்தில் மண்டியிட்டு, கடவுளை அழைப்பது போல் பாவனை செய்ய என்னால் முடியாது. "சாகல்லாம் கிடக்கலை அவர்" என்றாள் அம்மா, அடுப்பைத் துடைத்தபடி.

அப்பாவைப் பகலில் பார்த்துக்கொள்ள ஓர் அக்கா வந்துகொண்டிருந்தார். முன்பு அடையாற்றங்கரையில் குடியிருந்தவர். அங்கிருந்த குடிசைகளை எடுத்துவிட்டு ஊருக்கு வெளியே வீடு கொடுத்திருந்தார்கள். இரண்டு பேருந்து மாறி வருவார். அப்பாவின் கோபத்துக்கெல்லாம் அசரமாட்டார். "இன்னா நைனா, மூஞ்சியத் திருப்பிக்கினு கீறே? கஞ்சி இன்னா பாவம் பண்ணிச்சு?" என்பார். ஒரு நாள் சாயங்காலம் நான் அலுவலகம் முடிந்து போனபோது அவர் கிளம்பத் தயாராகப் பையை மாட்டிக்கொண்டு அப்பாவின் கட்டிலருகே நின்றிருந்தார். முகம் சரியில்லை. "நைனா, நீ பெரிய ஜெபக்காரராமே, அம்மா சொல்லிச்சு. எம் பொண்ணுக்கு நாள் நெருங்கிக்கினு கீது. புள்ள குறுக்கால கீதாம், ஆஸ்பத்திரில இன்னான்னாவோ சொல்றாங்கோ. எனக்கு ராவெல்லாம் தூக்கமே இல்ல. உங்க சாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்." அம்மா அவசரமாக, "அவரால பேச முடியாதும்மா, நாங்க சொல்றோம்" என்றாள். அக்கா அம்மாவைப் பார்க்கவேயில்லை. "தெரியாதா எனக்கு? இத்தினி நாளா நான்தானே கூட கீறேன். அவரே சொல்லட்டும்" என்றார்.

ஜெபம் கேட்டு வந்தவரை அப்பா ஒருநாளும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. கொஞ்ச நேரம் அந்த அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் திரும்பி நாற்காலியைக் காட்டினார். இந்த முறை அதை எடுத்து வந்து கட்டிலோரம் போட்டேன். அவரைச் சாய்த்து உட்காரவைத்தோம். முழங்காலிட முடியாது. இடது கையை நீட்டி நாற்காலியின் இருக்கையில், பிரம்பின் மேல், உள்ளங்கையை விரித்து வைத்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். இருந்தது அந்த ஒரு நாற்காலிதான். நான் முழங்காலிட்டு, அவர் கைக்குப் பக்கத்தில் நெற்றியை வைத்தேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அந்த வாசனை, பிரம்பும் தூசியும் பவுடரும் கலந்தது, மூக்கில் ஏறிற்று. நான்தான் ஜெபிக்கப்போகிறேன் என்று நினைத்து வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா ஆரம்பித்துவிட்டார்.

"அதான்" என்றார் மெதுவாக. ஒரு நிறுத்தம். "அதான், அதான் அதான்..." குரல் தாழ்ந்து, நிதானமாக, நீளமாகப் போயிற்று. அது நன்றி சொல்லும் இடம். வார்த்தை இல்லாமலே எனக்குத் தெரிந்தது, அந்த ஏற்ற இறக்கத்தைக் கேட்டுத்தானே நான் வளர்ந்தேன். பிறகு சற்று விறைப்பாக, குறிப்பு எழுதும் தோரணையில், நாட்டுக்காக. சபைக்கு வந்தபோது குரல் இளகிற்று. நோயாளிகளுக்கு வந்தபோது ஒவ்வொருவருக்கும் ஒரு அதான், நடுவில் நினைவுபடுத்திக்கொள்ள ஒரு சின்ன இடைவெளி. பிறகு குடும்பம். அம்மாவுக்கு ஒன்று. பிறகு தொண்டையைக் கனைத்தார். "அதான்" என்றார். அந்த ஒரு சொல்லைப் பல தடவை, பல விதமாக, கெஞ்சியும் சமாதானமாகவும் சொன்னார். அதில் திட்டு இல்லை. அல்லது இருந்ததோ என்னவோ, எனக்குத் தெரிய வழியில்லை. கடைசியில் அந்த அக்காவின் மகளுக்கு வந்தார். அப்போது குரல் உயர்ந்தது. அப்பா அப்படி ஜெபித்து நான் கேட்டதேயில்லை. வழக்காடுவது போல, விடமாட்டேன் என்பது போல, ஒவ்வொரு அதானுக்கும் கை பிரம்பை அழுத்திற்று.

சின்ன வயதிலிருந்து நான் சுமந்த கேள்விக்கு அந்த இடத்தில்தான் பதில் கிடைத்தது. அந்த ஜெபத்தில் எங்களுக்கென்று ஒன்றுமே இல்லை. ஒரு செய்தி இல்லை, கண்டிப்பு இல்லை, பாராட்டிச் சொல்ல ஒரு வாக்கியம்கூட இல்லை. ஜன்னல் திறந்திருந்தாலும் யாரும் எதையும் தெரிந்துகொண்டிருக்க முடியாது. அறையில் இருந்த மூன்று பேருக்கும் அது விளங்காது என்பது அப்பாவுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் சொல்லிக்கொண்டிருந்தார், ஒன்றையும் விடாமல், வரிசை தப்பாமல், புரிந்துகொள்கிற ஒருவரிடம் சொல்கிறவரின் உறுதியோடு. எங்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அவர் யாரிடம் பேசினார் என்பதில் சந்தேகம் எங்கே மிச்சமிருக்கிறது? அவர் முடித்தபோது அந்தச் சின்ன ஜெபம் தானாகவே அவர் வாயில் வந்தது. இந்த முறை கோபப்படவில்லை, இப்போது அது தன் இடத்தில் இருந்தது. நாங்களும் சேர்ந்து சொன்னோம். அதற்குள் வாசற்படிக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த அக்கா, "முட்ச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "வரேன் நைனா, பஸ்சு போயிடும்" என்று இறங்கிப் போனார்.

சமையலறையில் அம்மா ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. "அந்தக் கனைப்பு..." என்று தொடங்கினேன். "உன் எடம்தான் அது" என்றாள். "நீ போனப்புறமும் ஒரு நாள்கூட விட்டதில்ல. உன் ஆபீஸ், உன் மாமியார் முட்டிவலி, எல்லாம் வரும். மாப்பிள்ளை பேரைக் கல்யாணம் ஆன அன்னிக்கு சாயங்காலமே சேத்துட்டார்." நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். "ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்றேன். அம்மா கையை உதறிவிட்டு என்னைப் பார்த்தாள். "உங்கிட்டயா சொல்லிட்டிருந்தார்? நான் எதுக்கு நடுவுல?" அன்று நான் அழுத அழுகையைப் பற்றி எழுத எனக்கு வெட்கமில்லை. ஆனால் எழுதத் தெரியவில்லை.

அக்காவின் மகளுக்கு அறுவை சிகிச்சை செய்து பெண்குழந்தை பிறந்தது. அவர் ஒரு டப்பாவில் ஜாங்கிரி கொண்டு வந்து முதல் துண்டை அப்பாவின் வாயில் ஊட்டினார். இதை ஜெபத்தின் பலன் என்று நிரூபிக்க நான் வரவில்லை. நல்ல டாக்டர் இருந்தார், பிள்ளை பிழைத்தது. அப்பாவின் பேச்சும் திரும்பவில்லை. அவருக்காக ஜெபித்தவர்கள் எத்தனை பேர்! கேட்டது கிடைக்குமா என்ற கணக்கை நான் இன்றும் போட்டு முடிக்கவில்லை. கேட்கப்படுகிறதா என்ற கணக்கு மட்டும் எனக்கு முடிந்துவிட்டது. அதன்பின் அப்பா சாப்பிட்டார், பயிற்சி செய்தார், சக்கர நாற்காலியில் கடற்கரை வரை வந்து காற்று வாங்கினார். மாலை ஆறரைக்கு நான் அங்கே இருப்பேன். டிராபிக்கைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அவர் கை ஒரு பக்கம், என் நெற்றி ஒரு பக்கம். அப்படிக் கொஞ்ச காலம் கிடைத்தது. ஒரு மழைக்கால விடியலில், தூக்கத்திலேயே போய்விட்டார்.

அம்மா இப்போது எங்களோடு இருக்கிறாள். நாற்காலியும் கொட்டிவாக்கத்துக்கு வந்தது. கடற்காற்றில் பிரம்பு நைந்து நடுவில் தொய்ந்துவிட்டதால், போன மாதம் பின்னக் கொடுத்தேன். நாற்காலி பின்னுகிறவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பிரம்பு எதுக்கும்மா? ஒயர் போட்டுத் தர்றேன், உங்க ஆயுசுக்கும் தாங்கும். கடக்காத்துக்கு இது நிக்காது" என்றார். பிரம்புதான் வேண்டும் என்றேன். "உக்காந்தா ஒயர்தாம்மா சொகமா இருக்கும்" என்றார் விடாமல். உட்காருவதற்கு இல்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வது? சிரித்துவைத்தேன். அவரும் தலையை ஆட்டிக்கொண்டு பிரம்பைத் தண்ணீரில் ஊறப்போட்டார்.

இன்று காலை அலுவலகம் கிளம்புமுன் அதன் முன்னால் முழங்காலிட்டேன். புதுப் பிரம்பு இன்னும் கூராக இருக்கிறது. நன்றியில் தொடங்கினேன். அம்மாவின் கண் அறுவை சிகிச்சை, என் கணவரின் வேலை, அந்த அக்காவின் பேத்தி இந்த வருடம் பள்ளியில் சேருவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பிறகு எனக்கென்று கேட்கவேண்டிய ஒன்று இருந்தது. அதற்குச் சொல் கிடைக்கவில்லை. முன்பென்றால் அங்கேயே எழுந்திருப்பேன். இப்போது தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அதான்" என்றேன். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். கீழே இறங்கும்போது லிஃப்ட்டில் மாடி வீட்டுச் சிறுமி பள்ளிப் பையோடு என்னை அண்ணாந்து பார்த்து, "ஆன்ட்டி, நெத்தில கட்டம் கட்டமா இருக்கு" என்றாள். கண்ணாடியில் பார்த்தேன். சிவப்பாக, வரிசையாக, அழகாகப் பதிந்திருந்தது. "ஆமா, தெரியும்" என்றேன். தேய்க்கவில்லை.